ஓட்டோடு ஓடிப்போன ஆமையைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில், அம்மாவுக்குப் போன் செய்யாதீர்கள். நான் செய்தேன். இங்கிலாந்தில் ஒரு மே மாதத்து மதியம். மகள் கொல்லையில் நின்று அழுகிறாள், அவளுடைய ஹெர்மன் ஆமையைக் காணோம். திருச்சியிலிருந்து பதில் வந்தது: "தானாவே போயிடுச்சா? நல்லதாப் போச்சு. முதல்ல கதவைச் சாத்துடா." ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பதில் அம்மாவுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. நான் வேலை மாறியது, பாய்லர் பழுதானது எல்லாமே ஆமைக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அங்கே நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "என் ஆமையைக் காணோம்" என்று ஸ்டேஷனுக்குப் போனால், அடுத்து உங்களைக் காணோம் என்று வீட்டார் தேட வேண்டியிருக்கும்.

அடுத்து, ஓடாதீர்கள். ஆமை தொலைந்த வீட்டில் எல்லோரும் முதலில் தெருமுனைக்குத்தான் ஓடுகிறார்கள். மணிக்குச் சில நூறு மீட்டர் நகரும் பிராணியைப் பிடிக்க நான் காரை எடுத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். காரை எடுக்கும் முன் சக்கரத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள். புல்வெட்டும் இயந்திரத்தைத் தொடவே தொடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் தொடவிடாதீர்கள்.

சிப் இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளவும் வேண்டாம். பின்னங்காலில் அரிசி மணி அளவில் பொதிந்திருப்பது வெறும் 15 இலக்க எண். படிக்கும் கருவியை மேலே ஒட்டிப் பிடித்தால்தான் அதுவும் தெரியும். அதாவது, ஆமை கையில் கிடைத்த பிறகு அது உங்கள் ஆமைதான் என்று சொல்லும். "மேப்ல புள்ளி தெரியும்ல அப்பா?" என்று மகள் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் நினைப்பு.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது உங்கள் விருப்பம். எங்கள் ஆமையின் பெயர் ராக்கெட். தெருவில் நின்று அந்தப் பெயரைக் கத்திப் பார்த்தவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். இதில் எனக்கு முன்னோடி ஒருவர் உண்டு: ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட். அத்தை இறந்தபின் 1780இல் அவருக்கு டிமோத்தி என்ற ஆமை வந்து சேர்ந்தது. கப்பலில் கூவப் பயன்படும் ஊதுகுழல் ஒன்றை வாயில் வைத்து அவர் அதைக் கூப்பிட்டுப் பார்த்தார். டிமோத்தி கண்டுகொள்ளவில்லை. தண்ணீர்த் தொட்டியில் போட்டும் பார்த்தார். மூழ்கி, தொட்டியின் அடியில் திகைத்து நடந்ததாம். இவ்வளவும் செய்த வீட்டில் எந்த ஆமைதான் தங்கும்? 1784 மே மாதம் தோட்டத்துச் சிறு கதவு வழியாகக் கிளம்பிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் தேடல். கடைசியில் பக்கத்திலிருந்த ஒரு சிறிய அவரை வயலில் அகப்பட்டது. வைட் கோபித்துக்கொள்ளாமல், டிமோத்தியே தன் பக்கத்து நியாயத்தைச் சொல்வதுபோல ஓர் இளம்பெண்ணுக்கு வேடிக்கையாகக் கடிதம் எழுதினார்.

வசந்தம் வந்ததும் விடியற்காலையிலேயே எழுந்து வேலியின் ஒவ்வொரு சந்தையும் சோதித்துப் பார்க்கும் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். காரணம் காதல் என்பது அவர் ஊகம். ஐந்தடக்கலுக்கு ஆமையை உவமை சொன்ன வள்ளுவர் அதை மே மாதத்தில் வேலியோரம் பார்த்திருக்க மாட்டார். டிமோத்தி பெண் என்பது அது செத்த பிறகு ஓட்டைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. பதின்மூன்று வருடம் கூடவே இருந்து குறிப்பெடுத்த மனிதருக்கே இந்த நிலைமை. ஆகவே அடையாளம் எழுதி ஒட்டும் தாளில் 'ஆண்' என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

இனி உருப்படியான தேடல். வயிற்றைத் தரையில் வைத்துப் படுங்கள். ஆமைக்கு உலகம் நாலு விரல் உயரம்தான். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் உங்கள் தோட்டத்தில் இத்தனை வாசல்கள் இருப்பது தெரியவரும். திறந்தவெளியைக் குறுக்கே கடப்பதைவிட வேலியோரமாகவே போவதுதான் அதற்குப் பிடிக்கும். நீங்களும் அப்படியே ஊர்ந்து போங்கள். புதர்களின் அடி, மரக்கொட்டகையின் கீழ், உரக்குவியல், காய்ந்த சருகு எல்லாவற்றையும் கையால் தடவுங்கள், ஏனென்றால் பாதி புதைந்த ஆமை கல்லாகவே தெரியும். நான் இரண்டு கற்களைக் கொஞ்சியிருக்கிறேன். மாலையில் தேடுவது வீண். வெயில் சாய்ந்ததும் புகுந்து படுத்துவிடும். காலை வெயில் ஏறி ஓடு சூடாகும் நேரத்தில், கிழக்கு பார்த்த சரிவுகளில் தேடுங்கள். தக்காளியோ ஸ்ட்ராபெரியோ நறுக்கி வையுங்கள், சிவப்பு அதன் கண்ணில் படும். எங்கள் தக்காளியை நத்தைகள் தின்றன.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். ரியோ டி ஜெனிரோவில் 1982இல் காணாமல் போன மானுவேலா என்ற ஆமையை, வேலையாட்கள் கதவைத் திறந்துபோட்டதால் தெருவுக்குப் போய்விட்டது என்று குடும்பமே நம்பியிருந்தது. 2013இல் சாமான் அறையைக் காலி செய்து, உடைந்த இசைத்தட்டுப் பெட்டியைக் குப்பைக்குக் கொண்டுபோனபோது ஆமையும் சேர்ந்து வந்தது, உயிரோடு. இதைப் படித்துவிட்டு நான் பரண் முழுவதும் இறக்கினேன். காணாமல் போயிருந்த மனைவியின் இட்லித் தட்டு கிடைத்தது.

நான்காம் நாள் காலை அழைப்புமணி. பக்கத்து வீட்டு மூதாட்டி, பாத்திரம் கழுவும் தொட்டியில் ராக்கெட்டை ஏந்தி நின்றார். அவருடைய ஸ்ட்ராபெரிப் பாத்தியில் முந்தின மூன்று நாளும் அது காலை உணவு சாப்பிட்டிருக்கிறது. நீங்கள்தான் மேய அனுப்புகிறீர்கள் என்று நினைத்தேன் என்றார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"வந்தது வந்துச்சு, வலது காலை எடுத்து வச்சா உள்ள வந்துச்சு?"

"அதுக்கு வலது கால் ரெண்டும்மா."