பூனைக்குட்டியும் வைத்தியச் செலவும்

கேள்வி: காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நனைந்து கிடந்த பூனைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது வாந்தி, பேதி. ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ் என்று சம்பளம் கரைகிறது. என்ன செய்யட்டும்?
- வாசகி, கோவை

பதில்: அந்தக் குட்டியைத் தூக்கிய கைக்கு ஒரு கும்பிடுங்க. பூனை இலவசமாக வரும்; அதன் வயிற்றுவலி வராது. பான்லூக்கோபீனியா என்ற வைரஸாக இருந்தால் குட்டிகளை ஓரிரு நாளில் சாய்த்துவிடும், டிரிப்ஸை நிறுத்திவிடாதீர்கள். டவுன்ஹால் பக்கம் அரசு கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கிறது, அங்கே காட்டுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கவே இருக்கிறது. "சார், எது இன்றைக்கே கட்டாயம், எது அடுத்த மாதம் வரை தாங்கும்?" என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார்.

செலவை மிச்சம் பிடிக்க வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதன் நஞ்சை முறிக்க முடியாது; ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

குட்டி தேறியதும் தடுப்பூசி போட்டு, டாக்டர் சொல்லும் வயதில் கருத்தடையும் செய்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் நான்கு குட்டிகளுக்கும் சேர்த்துக் கேள்வி அனுப்புவீர்கள்!