தட்டுச் சாமி

ரமணாசிரமத்தைச் சுற்றி, செங்கம் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் பலவகைச் சாமிகள் உண்டு: காவிச் சாமி, வெள்ளைக்காரச் சாமி, டீக்கடைப் பெஞ்சை விட்டு எழாத சாமி. இந்த வரிசையில் தட்டுச் சாமியையும் சேர்க்க வேண்டும். ஓய்வூதியக்காரர். வாடகை வீட்டில் ஓர் அறை முழுக்கப் பழைய இசைத்தட்டுகள்: சவுண்டு சர்வீஸ்காரர்கள் கைகழுவியவை, காயலான் கடைக்கு எடைக்கு வந்தவை, யாரோ வானொலிக்காரர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியவை. அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காப்பாற்றுவதாகச் சங்கல்பம். தெருவில் இவரைக் கிறுக்கு என்கிறார்கள். கிறுக்குக்கு ஒழுங்கு கிடையாது, இவருக்கு உண்டு. அது தலைகீழாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் 78 சுற்றுத் தட்டு ஒன்றை எடுத்தால் அவருக்கு ஒரு பகல் போதாது. மெல்லிய பிரஷால் தூசி தட்டுவார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், லேபிளை ஒட்டிய மொட்டை வளையத்தில் பொறித்த எண்ணைப் பூதக்கண்ணாடியில் படிப்பார். ‘நான் யார்’ என்று கேட்கச் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தட்டைப் பார்த்து ‘நீ யார்’ என்று கேட்கிற ஒரே ஆள் இவர்தான். அடுத்து ஊசி. எல்பி ஊசி 78-இன் அகன்ற பள்ளத்தில் அடிமட்டம் வரை போய் உரசும் என்பதால் தடித்த ஊசி மாட்ட வேண்டும். பிறகு வேகம். 78 என்பது பெயருக்குத்தான். ஆரம்ப காலத் தட்டுகள் அதற்கு மேலும் கீழும் ஓடியவை. நிமிடத்துக்கு நாலைந்து சுற்று கூடினாலே அரைக் கட்டை ஏறிவிடும். பாடியவர் நாலரைக் கட்டையா, ஐந்தா என்று சுருதிப்பெட்டியோடு மல்லுக்கட்டுவதில் மாலை ஆகிவிடும். பதிவு ஓடும்போது வீட்டில் குக்கர் விசிலடிக்கக் கூடாது. ஒலி கம்பி வழியாகத்தானே போகிறது, மைக்கே இல்லையே என்று கேட்டால், நடந்தால் தரை அதிர்ந்து ஊசி ஆடும் என்பார். அது உண்மை. குக்கருக்குக் கால் இல்லை என்பதும் உண்மை.

இத்தனை தவமும் அந்த 78 மேல் எதற்கு என்பதுதான் கேள்வி. அது அரக்கும் கல்பொடியும் கலந்தது. கீழே போடாமல் வைத்தால் இன்னொரு தலைமுறை தாங்கும். சினிமாப் பாட்டு என்றால் இன்னொரு பிரதி வேறு யார் வீட்டிலாவது இருக்கும். சுவரில் சாய்ந்து நிற்கும் 16 அங்குலத் தட்டு அப்படியல்ல. சென்னை வானொலி 1938-லும் திருச்சி 1939-லும் தொடங்கின. காந்த நாடா பரவாத அந்தக் காலத்தில் உலகெங்கும் வானொலிகள் நிகழ்ச்சியைப் பிடித்துவைக்க நம்பியது இந்த வகையைத்தான். அலுமினியத் தகட்டின் மேல் அரக்கு அல்லாத ஒரு நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஓடும். கடையில் விற்றதில்லை, ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பூச்சு சுருங்கும், அலுமினியம் சுருங்காது. அதனால் வெடித்து உரியும். அதற்கு முன்பே எண்ணெய்ப் பசை வெளியேறி வெள்ளையாகப் பூத்துவிடும். இவர் அந்தப் பூப்பைத் துணியால் துடைத்து, திரும்பச் சுவரில் சாய்க்கிறார்.

ஓட்டினால் தேயுமே என்பது அவர் வாதம். தேயும்தான், மறுக்கவில்லை. ஓட்டாவிட்டால் உரியும். ஆகவே ஒரே ஒருமுறை, பதிவை முடுக்கிவிட்டு ஓட்டுவதுதான் வழி. அவருடைய பிளேயரின் கை 12 அங்குலத்துக்கு மேல் எட்டாது என்பது இரண்டாவது வாதம், இதுவும் நியாயம். ஆனால் ஊசிகளுக்குக் கொட்டிய பணத்தில் நீண்ட கை ஒன்று வாங்கியிருக்கலாம். இவரும் இல்லையென்றால் எல்லாம் காயலான் கடைக்குத்தானே போயிருக்கும் என்று சிலர் பரிந்து பேசுவார்கள். அதற்கு மறுப்பே இல்லை. அவரைத் திட்டுவதற்கே அவர் சேர்த்துவைத்ததுதான் காரணம்.

ஏற்றியதையாவது கொடுப்பாரா என்றால், காப்புரிமை என்பார். இங்கே ஒலிப்பதிவுக்கு அது வெளியான பிறகு 60 ஆண்டுதான். 1950-இல் வந்த தட்டுக்கு எப்போதோ முடிந்தது. அதைச் சொன்னதும் இரைச்சல் நீக்கம் பாக்கி என்று மாற்றுவார். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்தில் ஒரு பிரதி வைக்கலாமே என்றால், தாராளமாக, கார்த்திகை தீபம் முடியட்டும் என்பார். எந்த வருஷத்துக் கார்த்திகை என்று மட்டும் சொல்வதில்லை.