அண்டாவும் கீஸரும்

கோவை சிங்காநல்லூரில் எங்கள் பழைய வீட்டில் இரண்டு விதத் தண்ணீர் புழங்கியது. குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணி. குளிக்க, துவைக்க, வாசல் தெளிக்க உப்புத் தண்ணி. முதலில் கிணற்றிலிருந்து, கிணறு வற்றியபின் போரிலிருந்து. இரண்டும் கலக்கக் கூடாது என்பதில் அப்பத்தா கறாராக இருந்தாள். போர்த் தண்ணியில் துவரம்பருப்பைப் போட்டால் எத்தனை விறகு எரித்தாலும் முழித்துக்கொண்டு நிற்கும் என்பாள். உண்மைதான். தண்ணீரிலிருக்கும் கால்சியம் பருப்பிலுள்ள பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது.

சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். காட்டில் பெய்த மழை, மண்ணில் அதிகம் ஊறாமல் நேரே வந்துவிடுவதால் அதில் உப்பு குறைவு. எங்கள் போர்த் தண்ணி அப்படியல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிற ஊர் கோவை. மேலே மழை குறைவு. பூமிக்குள் போன நீரோ பாறையிடுக்கில் வருடக்கணக்கில் கிடந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. ஊருக்குப் பக்கத்தில் மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்ததே அங்கே சுண்ணாம்புக்கல் கிடைத்ததால்தான்.

குளிக்கிற தண்ணியைச் செப்பு அண்டாவில் காய்ச்சுவோம். சில வாரத்திலேயே உள்பக்கம் வெள்ளையாய்ப் பொருக்குக் கட்டிவிடும். விரல் நகத்தால் சுரண்டினால் சொரசொரவென்று இருக்கும், உதிராது. அப்பத்தா அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையை எடுத்து உள்ளே தடவுவாள். கொஞ்ச நேரத்தில் பொருக்கின்மேல் பொடிப்பொடியாய் நுரை வரும். பிறகு தேங்காய் நார் வைத்துத் தேய்த்தால் செம்பு சிவந்து வெளியே வந்துவிடும். புளியின் அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கிறது. அந்த நுரை கார்பன் டை ஆக்சைடு. அண்டாவுக்கு வாய் அகலம், கை உள்ளே போகும். அதனால் அது அப்பத்தா காலத்தையும் தாண்டி உழைத்தது.

இப்போது நாங்கள் இருக்கிற அபார்ட்மென்டில் மாநகராட்சித் தண்ணி, போர்த் தண்ணி, கோடையில் லாரித் தண்ணி எல்லாம் ஒரே சம்ப்பில் விழுகிறது. குழாயைத் திறந்தால் வருவது எது என்று யாருக்கும் தெரியாது. போன வருடம் கீஸர் சூடேறுவதை நிறுத்தியது. கழற்றிப் பார்த்த மெக்கானிக் தம்பி காயிலை வெளியே எடுத்தபோது அதில் உலோகம் என்று ஒன்று கண்ணில் படவே இல்லை. விரல் தடிமனுக்குச் சாம்பல் வெள்ளையில் பொருக்கு. ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. ஓரிடத்தில் காயில் வெடித்திருந்தது. “மிஷின்மேல குத்தமில்லீங்க, உங்க தண்ணி அப்படிங்க” என்றார். பொருக்கு வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தாமல் மறித்துவிடும். காயில் தன் சூட்டிலேயே வெந்து வெடிக்கும். அதுவரை கரன்ட் பில்லும் ஏறிக்கொண்டே போகும்.

குடிநீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்த கால்சியம், மெக்னீசியம் உப்பின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டு விதி. 600 உள்ள தண்ணீரை ஒரு குடும்பம் நாளுக்கு 100 லிட்டர் காய்ச்சுகிறது என்று வைத்தால், 60 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான உப்பு கீஸரின் உருளைக்குள் நுழைந்து போகிறது. சூடு ஏற ஏற பைகார்பனேட் உடைந்து அதில் ஒரு பகுதி அங்கேயே தங்குகிறது. தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்தால் படிவதும் குறையும். வருடம் ஒருமுறை கழற்றி, எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தில் காயிலை ஊறவைத்தால் போதும், புளி செய்த அதே வேலை. இது தெரியாமல் எத்தனை வீடுகளில் நல்ல கீஸரைத் தூக்கிப் பழைய இரும்புக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

வாஷிங் மெஷினிலும் இதே கதைதான். சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியில் ஒட்டுகிறது, வேட்டி பழுப்பேறுகிறது, நாம் இன்னும் ஒரு கரண்டி பவுடர் போடுகிறோம்.

மொத்தக் கட்டடத்துக்கும் சாஃப்ட்னர் வைக்கலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்தது. நான் எதிர்த்தேன். அதிலுள்ள ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அந்த ரெசினை மறுபடி தயார்செய்ய மூட்டை மூட்டையாய்க் கல்லுப்பு கரைக்க வேண்டும். கழித்துவிடும் அந்த உப்புக் கரைசல் எங்கள் வளாகத்தில் உறிஞ்சு குழிக்குத்தான் போகும். போரும் பக்கத்திலேயே இருக்கிறது. நிலத்தடி நீரை இன்னும் உப்பாக்கி, அதையே இறைத்துச் சுத்தம் செய்வோமா?

மழைநீரில் கடினத்தன்மை இல்லை என்றே சொல்லலாம். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு கட்டிய கட்டடம் எங்களுடையது. மொட்டை மாடிக் குழாய்கள் எல்லாம் பூமிக்குள் போகின்றன. அது நல்லதே. ஆனால் 1000 சதுர அடி மாடியில் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 55,000 லிட்டர். அதில் ஒரு பங்கை வடிகட்டித் தனித் தொட்டியில் பிடித்து, கீஸருக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் தனி லைன் இழுத்தால், மழைக்காலத்துக்காவது பொருக்குப் பிரச்சினை இருக்காது. பிளம்பரிடம் செலவு கேட்டு எழுதி வாங்கியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் சாஃப்ட்னர் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் இதையும் வைக்கப் போகிறேன்.