இடம் கிடைச்சாச்சு... மனசு?

மே மாதம் பிறந்தால் வரும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே ரகம். பல்கலைக்கழகம் ‘வா’ என்றுவிட்டது, போவதா, வேண்டாமா? அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுத்த சங்கதி கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் அவர்களைத் தேர்ந்தெடுத்தீர்களா என்பதுதான் இந்த வாரப் பஞ்சாயத்து.

ஈசூன் மாணவி: மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் வந்திருக்கிறது, மாமா. மூன்றையும் ஏற்றுக்கொண்டு, அப்புறம் ஆற அமர யோசிக்கலாமா?

முடியாதும்மா. என்யுஎஸ், என்டியு, எஸ்எம்யு என்று எங்கிருந்து எத்தனை அழைப்பு வந்தாலும் ஒன்றுக்குத்தான் தலையாட்ட முடியும். ஆற அமர யோசிப்பதைக் கடைசித் தேதிக்கு முன்னாலேயே வைத்துக்கொள். வேண்டாத இரண்டையும் இன்றைக்கே விட்டுவிடு. அந்த இடங்களுக்காக யாரோ இரண்டு பிள்ளைகள் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்து விரல் தேய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

தெம்பனீஸ் மாணவர்: கிடைத்த இடம்தான் என் முதல் தேர்வா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தேக்கா சந்தையில் மீன் வாங்க வரும் அக்கா, செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பையை நீட்டுவதில்லை. ஒருவேளைக் குழம்புக்கே அவ்வளவு விசாரணை. நான்கு வருடப் படிப்புக்கு நீ பார்த்தது கையேட்டின் அட்டையை மட்டும்தானே?

இரண்டாம் ஆண்டு, இரண்டாம் பருவத்தின் பாடப்பட்டியலை எடு. முதலாண்டு எங்கேயும் இனிக்கும். நடு வருடம்தான் உண்மை பேசும். அந்தத் தலைப்புகளில் குறைந்தது இரண்டு ‘இது என்னவாம்?’ என்று உன்னைத் தேடவைத்தால் ஏற்றுக்கொள். ஒன்றுகூட உன்னை அசைக்கவில்லையா? கொட்டாவிக்கு நான்கு வருடம் கட்டணம் கட்டப்போகிறாய்.

ஜூரோங் வெஸ்ட் மாணவி: பொது உபசரிப்புக்குப் போனேன். எல்லாரும் அருமையாகப் பழகினார்கள். அது போதாதா?

அன்றைக்குச் சிரிப்பதற்கென்றே சட்டை கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். யாரும் உன்னை எதிர்பார்க்காத நாளில் போ. பருவத்தின் நடுவே ஒரு புதன்கிழமை சாயங்காலம், உணவுக்கூடத்தில் கோப்பி ஒன்று வாங்கிக்கொண்டு உட்கார். பக்கத்து மேசையில் நாலு பேர் ஒரு கணக்கையோ வழக்கையோ வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். உன் நாற்காலி தானாக அந்தப் பக்கம் நகர்கிறதா பார்.

பஃப்ளோ ரோடு வாசகர்: எங்கள் வீடு லிட்டில் இந்தியா நிலையத்துக்குப் பக்கம். தம்பிக்கு எந்தப் பல்கலைக்கழகம் வசதி?

லாசால் கலைக் கல்லூரிக்கு நடந்தே போகலாம். எஸ்எம்யுவுக்கு டோபி காட் வரை ஒரே நிறுத்தம், மீதி நடை. எஸ்ஐடிக்கு வடகிழக்குப் பாதையில் ஏறினால், 2024 டிசம்பரில் திறந்த பொங்கோல் கோஸ்ட் வரை எழுந்திருக்கவே வேண்டாம். எஸ்யுடிடிக்கு டவுன்டவுன் பாதை, அப்பர் சாங்கியில் இறங்கணும். என்யுஎஸ் என்றால் ஹார்பர்ஃபிரண்டில் மாறணும். என்டியு என்றால் ஊட்ரம் பார்க்கில் மாறி, பூன் லேயில் இறங்கி, 179 பேருந்துக்கு நிற்கணும்.

பிடித்த பாடம் பூன் லேக்கு அப்பால் இருந்தால் தூரத்தைப் பார்க்காதீர்கள், விடுதி இருக்கிறது. பிடிக்காத பாடத்துக்கு அடுத்த தெருவே தூரம்.

அங் மோ கியோ அம்மா: மகள் வாங்கிய புள்ளிக்குச் சட்டமே கிடைக்கும். அவளோ சமூகப் பணி படிக்கிறேன் என்கிறாள். இவ்வளவு புள்ளியும் வீணாகுமே?

மிச்சப் புள்ளியை யாரும் பறிமுதல் செய்வதில்லை அம்மா.

போன ஆண்டு எந்தப் படிப்பில் எந்த மதிப்பெண்காரர்கள் சேர்ந்தார்கள் என்று பல்கலைக்கழகங்கள் வெளியிடுகின்றனவே, அது வாசலில் எவ்வளவு நெரிசல் என்ற கணக்கு. உள்ளே இருக்கும் பாடம் உயர்ந்ததா என்ற கணக்கு அதில் கிடையாது. கூட்டம் குறைந்த வாசல் என்று தெரிந்தே ஒரு கெட்டிக்காரி நுழைகிறாள் என்றால், அவளுக்கு வாசல் தெரியும் என்று அர்த்தம்.

அதே அம்மாவின் கணவர் (தனியாக எழுதியது): சமூகப் பணி படித்து யார் சார் பெரிய ஆளானார்?

எஸ்.ஆர். நாதன்.

பதினாறு வயதில் வீட்டைவிட்டு ஓடியவர். ஜப்பானியர் காலத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவர். விட்டுப்போன படிப்பை வேலை செய்துகொண்டே பிடித்து, அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1954இல் சமூகப் பணித் துறையில் சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டயம் வாங்கினார். பட்டம்கூட இல்லை சார், பட்டயம்.

முதலில் மருத்துவமனைச் சமூக ஊழியர். பிறகு கடலோடிகளின் நல அதிகாரி. பிறகு வாஷிங்டனில் தூதர். 1999 முதல் 2011 வரை இந்நாட்டின் அதிபர். மகளின் விண்ணப்பத்தை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

பிடோக் மாணவர்: தமிழில் குறைவாக வாங்கிவிட்டேன். அதனால் எனக்குப் பிடித்த படிப்பு போய்விடுமா?

2026 சேர்க்கையிலிருந்து கணக்கு மாறிவிட்டது. முன்பு உச்சம் 90 புள்ளி, இப்போது 70. தாய்மொழி உன் புள்ளியை உயர்த்தினால்தான் சேர்ப்பார்கள், இறக்கினால் விட்டுவிடுவார்கள். தமிழ் உனக்கு உதவத்தான் காத்திருக்கிறது, கெடுக்க இல்லை. நீயும் அதற்குக் கொஞ்சம் உதவு.

புக்கிட் பாத்தோக் மாணவர்: இடத்தை ஏற்றுக்கொண்டேன். அடுத்து தேசிய சேவை. இரண்டு வருடத்தில் மனசு மாறிவிட்டால்?

மாறட்டுமே. நீ ஏற்ற இடம் உனக்காகக் காத்திருக்கும். இடையில் வேறு படிப்பு வேண்டும் என்று தோன்றினால் மறுபடி விண்ணப்பிக்கவும் வழி உண்டு. யோசிக்க இவ்வளவு அவகாசம் உன் அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

பதினெட்டு வயதில் எழுதிய அந்தச் சுயவிளக்கக் கட்டுரையைப் பத்திரமாக வை. இருபதில் எடுத்துப் படி. எழுதியவனை இன்னும் பிடித்திருந்தால் அதே இடம். இல்லாவிட்டால் புதிய கட்டுரை.

உட்லண்ட்ஸ் அப்பா: மகனுக்கு மருத்துவம் கிடைத்திருக்கிறது. அவனோ கணினி என்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சொல்கிறேன், உங்களுக்கு. என்யுஎஸ்ஸில் மருத்துவம் 5 ஆண்டு. முடித்தபின் சிங்கப்பூர்க் குடிமக்கள் 5 ஆண்டு பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்ற ஒப்பந்தம். குறைந்தது பத்து. விருப்பமுள்ள பிள்ளைக்கு அது கொடுப்பினை. விருப்பமில்லாத பிள்ளை அதிகாலையில் வார்டுக்குள் நுழையும்போது, படுக்கையில் படுத்திருப்பவர் உங்களையும் என்னையும் போல ஒரு பெரியவர். நமக்கு யார் ஊசி போட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பொங்கோல் வாசகி: நாங்கள் நிரந்தரவாசிகள். கல்விக் கட்டண மானியத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

படித்துவிட்டுப் போடுங்கள். நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் மானியம் பெற்றால், பட்டம் வாங்கியபின் 3 ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். படிப்புக்கு மட்டும் ‘சரி’ சொல்லவில்லை. அதன்பின் வரும் மூன்று வருடத்துக்கும் சொல்கிறீர்கள். அந்தத் துறையில் இங்கே வேலை செய்யவும் ஆசை இருந்தால், இதைவிட நல்ல கையெழுத்து வேறில்லை.

காலாங் அப்பா: என் மத்திய சேமநிதியிலிருந்துதான் கட்டணம் போகிறது. அப்படியென்றால் பாடத்தை நான்தானே முடிவு செய்யணும்?

மசேநி கல்விக் கடன் என்றுதானே அதற்குப் பெயர்? படித்து முடித்தபின் பிள்ளை அதை உங்கள் கணக்குக்கு வட்டியோடு திருப்பிக் கட்டணும். வட்டியும் வாங்குவேன், பாடமும் நானே சொல்வேன் என்பது எந்த வட்டிக்கடையிலும் இல்லாத நிபந்தனை.

செங்காங் மாணவி: என் தோழிகள் எல்லாரும் எஸ்எம்யு போகிறார்கள். நானும் போகட்டுமா?

வகுப்பில் வாய் திறப்பாயா? அங்கே சிறுசிறு வகுப்புகள். நீ பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. தோழிகளோடு மட்டும் பேசுகிறவள் என்றால், அவர்களோடு சனிக்கிழமை முஸ்தபாவில் பேசிக்கொள்ளலாம்.

சிராங்கூன் மாணவர்: என்ன படிக்கணும் என்றே தெரியவில்லை. ஆனால் இடம் மட்டும் கிடைத்துவிட்டது!

தெரியவில்லை என்று தெரிந்திருப்பதே பாதிக் கிணறு. அப்படியானால் உடனே பாடத்தில் பூட்டிவிடாத இடமாகப் பார். எஸ்யுடிடியில் முதல் மூன்று பருவமும் எல்லாருக்கும் பொது, துறையை அப்புறம்தான் சொல்லணும். என்யுஎஸ்ஸில் கலைக்கும் அறிவியலுக்கும் நடுவே சுவர் எழுப்பாத கல்லூரி ஒன்று 2021இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. குழம்புவதற்கும் இவ்வூரில் முறையான பாடத்திட்டம் உண்டு.

பொத்தோங் பாசிர் மாணவர்: பட்டதாரிகளின் சம்பளப் பட்டியலில் என் படிப்பு கீழே இருக்கிறது. மனசு ஆடுகிறது.

அந்த ஆய்வு, படித்து முடித்து ஆறு மாதம் ஆனவர்களிடம் கேட்டது. ஆறாம் மாதம் சட்டைப்பை எடை என்ன என்று தெரியும், ஆள் எடை தெரியாது. வாடகை கட்ட முடியாத அளவுக்குக் குறைவென்றால் யோசி. பக்கத்துப் படிப்பைவிடச் சில நூறு வெள்ளி குறைவு என்றால் பட்டியலை மடித்து வை.

ஹாலந்து வில்லேஜ் மாணவி: முதல் தேர்வு என்று மனசார நம்பிச் சேர்ந்த கல்லூரியே இல்லாமல் போனால்?

இங்கேயே நடந்திருக்கிறது. யேல்-என்யுஎஸ் கல்லூரி 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. 2021 ஆகஸ்டில் மூடும் அறிவிப்பு வந்தபோது, கடைசித் தொகுதிப் பிள்ளைகள் அப்போதுதான் உள்ளே காலெடுத்து வைத்திருந்தார்கள். அவர்கள் 2025இல் படித்து முடித்தார்கள், கல்லூரியும் முடிந்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

பெயர்ப்பலகை நிலையில்லைம்மா. என்யுஎஸ்ஸே 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவானது. எஸ்யுஎஸ்எஸ் 2017 வரை சிம் பல்கலைக்கழகம். பலகைக்காகச் சேர்ந்தவருக்குப் பலகை கழன்றால் எல்லாம் போச்சு. ஆசிரியருக்காகவும் பாடத்துக்காகவும் சேர்ந்தவர் நாலு வருடத்தையும் சம்பாதித்துக்கொண்டு வெளியே வருவார்.

ஈஸ்ட் கோஸ்ட் அம்மா: மகன் இங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் படித்தவன். இந்தியாவில் ஜோசா கலந்தாய்வில் இடம் வந்திருக்கிறது. ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்கிறார்கள். எதை அழுத்துவது?

இதுவே போதும் என்றால் ஃப்ரீஸ். இதைவிட மேலான கல்லூரியோ பாடமோ கிடைத்தால் மாறுவேன் என்றால் ஃப்ளோட். கல்லூரி இதுவே இருக்கட்டும், பாடம் மட்டும் மாறட்டும் என்றால் ஸ்லைடு. ‘கிடைத்தது, ஆனால் இது என் முதல் விருப்பம் இல்லை’ என்று ஒரு பிள்ளை சொல்வதற்கு அங்கே பொத்தானே வைத்திருக்கிறார்கள். உங்கள் சாப்பாட்டு மேசையிலும் ஒன்று வையுங்கள்.

நொவீனா மாணவி: அமெரிக்காவில் ஏர்லி டிசிஷன் முறையில் இடம் வாங்கினேன். இப்போது வேறொன்று பிடிக்கிறது.

கிடைத்தால் வந்தே தீருவேன் என்று நீ கையெழுத்துப் போட்டாய். உன் பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் போட்டார்கள். அவர்கள் தரும் நிதியுதவி கட்டுப்படியாகவில்லை என்றால் நேரே எழுதிக் கேட்கலாம். மனசு மாறியது என்றால் வாக்கு வாக்குதான். உன் தம்பிக்குச் சொல்லிவை: தயக்கம் உள்ளவர்களுக்கு பிரிட்டனின் யூகாஸ் முறை மேல். ஐந்து விண்ணப்பம் போட்டு, கடைசியில் உறுதியாக ஒன்று, கைகாவலாக ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

கிளமெண்டி மாணவர்: பலதுறைத் தொழிற்கல்லூரியில் முன்கூட்டியே இடம் தருகிறார்கள். சாதாரண நிலைத் தேர்வு முடிவுக்கு முன் ஏற்கலாமா?

ஏற்றுவிட்டால், தகுதி வரம்பைத் தொட்டதும் அதுதான் உன் இடம். பிறகு கூட்டுச் சேர்க்கையின் 12 விருப்பங்களும் உனக்குக் கிடையாது. பன்னிரண்டையும் இன்றே ஒரு தாளில் எழுதிப் பார். முதல் வரியில் இதுவே வந்தால் உடனே ஏற்றுக்கொள். மூன்றாவது வரியில் வந்தால் பொறு.

ரேஸ் கோர்ஸ் ரோடு மாணவி: எஸ்யுஎஸ்எஸ்ஸில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு கிடைத்திருக்கிறது. சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். நாலு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றை முறையாகப் படித்தவர்கள் இந்நாட்டில் எத்தனை பேர் என்று அவர்களையே எண்ணச் சொல். பள்ளிக்கூடம், செய்தி, வானொலி, மொழிபெயர்ப்பு என்று ஆள் தேடுகிற இடங்கள் இருக்கின்றன. சிரிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் துணைப்பாட ஆசிரியர் தேவைப்படும்போது உன்னைத்தான் கூப்பிடுவார்கள். போ.

கேம்பல் லேன் பாட்டி: பேத்திக்குப் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறதாம். என்ன படிக்கப்போகிறாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

பக்கத்தில் உட்காரவைத்து, ‘எனக்குப் புரியுற மாதிரி தமிழ்ல சொல்லு’ என்று கேளுங்கள், பாட்டி. இரண்டு நிமிடத்தில் ‘அது பெரிய கதை’ என்று எழுந்தால், இன்னும் ஒரு வாரம் யோசிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் தாண்டியும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தால் அந்தப் படிப்புதான். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பதினோராவது நிமிடத்தில் கேட்டுக்கொள்ளலாம்.