அப்பாவின் காது

கேள்வி: என் அப்பாவுக்கு இளையராஜாவைத் தாண்டி எந்தப் பாட்டும் காதில் ஏறவில்லையே, ஏன்?

பதில்: 1976-ல் இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்தபோது அப்பாவுக்கு என்ன வயது என்று கேளுங்கள், பாதி பதில் கிடைத்துவிடும். பத்து வயதுக்கும் முப்பதுக்கும் நடுவே நடந்தவைதான் மனதில் அதிகம் தங்குகின்றன என்கிறார்கள் உளவியலாளர்கள். அதுவும் அன்றைக்குப் பாட்டு சும்மா கிடைக்கவில்லை. பிடித்த பாடல்களைத் தாளில் எழுதி, கேசட் கடையில் கொடுத்து, பதிவாகி வரும்வரை காத்திருக்க வேண்டும். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். அவ்வளவு பாடுபட்ட காது லேசில் கட்சி மாறுமா? முதல் காதலும் முதல் சம்பளமும் அந்தப் பாட்டோடு சேர்ந்தேதான் அவருக்கு ஞாபகம் வரும். 1992-ல் வந்த 'ரோஜா' படப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களும் இப்போது அப்படித்தான். உங்கள் முறையும் வரும். அதுவரை காரில் பாட்டுப் போடும் உரிமையை அப்பாவிடமே விட்டுவிடுங்கள்.