மூவாயிரம் அடி உசரத்துலதான் உக்காந்திருக்கே, கண்ணு

ஏண்டி கண்ணு, பைலட் ஸ்கூல் நுழைவுப் பரீட்சைன்னு உங்கப்பன் வீட்டையே தலைகீழா நிறுத்தி வெச்சிருக்கான். நீ என்ன பண்ணி வெச்சிருக்கே? கருப்புக் கண்ணாடி வாங்கிட்டே. ரொம்ப நல்ல காரியம். மூஞ்சி ரெடி, மிச்சதெல்லாம் மெதுவா வரட்டும். அதைப் போட்டுக்கிட்டு ஸ்ரீராம்புரம் மெட்ரோ படிக்கட்டுல நின்னு போட்டோ எடுத்துப் போட்டியாமே, நானூறு பேரு 'கேப்டன்'னு எழுதிட்டாங்களாமே. அப்புறம் பரீட்சை எதுக்கு? அந்த நானூறு பேரையே கூப்பிட்டு லைசென்ஸ் கொடுக்கச் சொல்லிடலாம்.

உங்க மாமன் சும்மா இருக்கானா? கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்னு டீக்கடையில உக்காந்து சொல்லிட்டிருக்கான். அவன் சொல்லட்டும். நீ பிறந்ததுல இருந்து நம்ம தெருவுல ஒரு கூரையும் கிடையாது, எல்லாம் கான்கிரீட்டு மோல்டுதான். கோழி பிடிக்காததுக்காக உன்னை யாரும் தள்ளிவிட மாட்டாங்க. தள்ளிவிட வேற காரணம் நிறைய வெச்சிருக்காங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். உக்காரு. போனைக் கவுத்து வை.

முதல்ல உங்கப்பன் விஷயம். ஒரு கோச்சிங் சென்டர்க்காரன் கலர் கலரா புத்தகம் கொடுத்து, 'டோக்கன் அட்வான்ஸ் கட்டுங்க, சீட்டு நாங்க பாத்துக்கறோம்'னு சொல்லியிருக்கான். நம்ம ஆளு உடனே வீட்டுப் பத்திரத்தைத் தேடறான். நான் கேட்டேன், 'ஏம்பா, பொண்ணுக்கு கண்ணு காதெல்லாம் சரியா இருக்கான்னு பாத்தியா?' 'அதெல்லாம் அப்புறம்ப்பா'ங்கறான். பொண்ணு பாக்கப் போறப்போ மண்டபத்துக்கு முதல்ல அட்வான்ஸ் கொடுத்தவன் இவன். அந்த புத்தி போகுமா?

கேட்டுக்கோ. விமானம் ஓட்டறதுக்கு, கவர்மெண்டோட விமானத்துறை ஆபீஸ் டிஜிசிஏ வெச்சிருக்கற மெடிக்கல் ரெண்டு வகை. முதல்ல கிளாஸ் டூ. அவங்க பட்டியல்ல இருக்கற டாக்டருகிட்டப் போனா கண்ணு, காது, ரத்தம், சிறுநீர், ஈசிஜி எல்லாம் பாத்து எழுதுவாங்க. சம்பளத்துக்கு ஓட்டணும்னா கிளாஸ் ஒன் வேணும். அதைப் பாக்கறதுக்கு நாடெங்கும் இருந்து பசங்க பெட்டியைத் தூக்கிட்டு எந்த ஊருக்கு வர்றாங்க தெரியுமா? நம்ம பெங்களூருக்கு. பழைய ஏர்போர்ட்டு ரோட்டுல விமானப்படையோட ஏரோஸ்பேஸ் மெடிசின் இன்ஸ்டிட்யூட் இருக்கு, 1957ல இருந்து. வெளியூர்க்காரன் ரயில் ஏறி வந்து காத்துக் கிடக்கற இடம், உனக்கு மெஜஸ்டிக்ல ஒரு பஸ் மாறினா வந்துடும். ஆனா நீ மட்டும் கோச்சிங்குக்குப் பணம் கட்டிட்டு, ஒரு வருஷம் கழிச்சுப் போய், பச்சையும் சிவப்பும் ஒண்ணாத் தெரியுதுன்னு கண்டுபிடிச்சுட்டு வா. என்ன குறைஞ்சிடப் போகுது? லட்சம் தானே.

பச்சை சிவப்புன்னதும் ஞாபகம் வருது. புள்ளி புள்ளியா இருக்கற அட்டையில நம்பர் கண்டுபிடிக்கச் சொல்வாங்க, இஷிஹாரா அட்டைன்னு பேரு. அதோட விடையெல்லாம் நெட்டுல இருக்கு, மனப்பாடம் பண்ணிக்கலாம்னு பக்கத்து வீட்டுப் பையன் உனக்கு யோசனை சொன்னானாம். அறிவாளி. ராத்திரி இறங்கறப்போ ஓடுபாதை ஓரத்துல நாலு விளக்கு எரியும். ரெண்டு வெள்ளை, ரெண்டு சிவப்புன்னா சரியான சரிவுல வர்றே. நாலும் சிவப்புன்னா ரொம்பக் கீழே வந்துட்டே, எதுலயாவது மோதப் போறேன்னு அர்த்தம். அந்த விளக்குக்கும் விடைத்தாள் நெட்டுல கிடைக்குமான்னு அவனைக் கேட்டு வை. பவர் கண்ணாடி போட்டிருக்கியேன்னு பயப்படாதே, சிவில்ல கண்ணாடியோட 6/6 தெரிஞ்சாப் போதும். கலரு விஷயத்துலதான் ஏமாத்தக் கூடாது.

அடுத்தது படிப்பு. அமேதி பக்கம் ஃபுர்சத்கஞ்சுன்னு ஒரு ஊரு. அங்கதான் 1985ல கவர்மெண்டு ஆரம்பிச்ச இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமி இருக்கு. நாட்டுலயே பேர் போன ஸ்கூலு. பிளஸ் டூவுல பிசிக்ஸ், கணக்கு, இங்கிலீஷ் இருக்கணும். பரீட்சையிலயும் அதுதான், கூடவே ரீசனிங், பொது அறிவு. அதுல தேறினா நேர்முகம், அப்புறம் பைலட் ஆப்டிட்யூட் டெஸ்ட். ஃபீஸு 45 லட்சத்தைத் தொடும். கணக்கெல்லாம் பிளஸ் டூ தரம்தான். 'அதெல்லாம் தெரியும் தாத்தா'ங்கறே. தெரியும், சரி. கால்குலேட்டர் இல்லாம தெரியுமா?

மணிக்கு 90 கடல் மைல், அதாவது 90 நாட் வேகத்துல போறே. 36 கடல் மைல் போகணும். எத்தனை நிமிஷம்? பேப்பரை எடுக்காதே! அங்க ஒரு கை குச்சியில இருக்கும், இன்னொரு கை த்ராட்டில்ல இருக்கும், பேப்பரை வாயில புடிச்சுக்குவியா? 90 நாட்டுன்னா நிமிஷத்துக்கு ஒண்ணரை மைல். அப்போ 24 நிமிஷம். இன்னொண்ணு. 250 டிகிரியில போயிட்டிருக்கே, வந்த வழியே திரும்பணும், எந்த திசை? 200ஐக் கழி, 20ஐக் கூட்டு. 70. நம்ம தேவனஹள்ளி ஏர்போர்ட்டுல ஓடுபாதைக்கு ஒரு முனையில 09, மறு முனையில 27ன்னு எழுதியிருக்கே, அது ஏன்? 90 டிகிரிக்கு எதிர்ப்பக்கம் 270. கடைசி சைபரை வெட்டிட்டாங்க, அவ்வளவுதான். இவ்வளவு நாளா பஸ் நம்பருன்னு நினைச்சுட்டிருந்தியா?

இப்போ ஒரு சுலபமான கணக்கு. மணிக்கு 30 லிட்டர் குடிக்கற விமானம். டேங்குல 75 லிட்டர் இருக்கு. எவ்வளவு நேரம் ஊர் சுத்தலாம்? ரெண்டரை மணி நேரமா? சபாஷ். அந்த ரெண்டரை மணியில இறங்கற இடத்துல மழை கொட்டுது, கண்ணு தெரியல, வேற ஊருக்குப் போகணும். எதை ஊத்திக்கிட்டுப் போவே, உங்கம்மா வெச்ச ரசத்தையா? அரை மணி கையிருப்பு போக ரெண்டு மணி நேரம்னு சொல்றவளுக்குத்தான் வேலை. விடை சரியாச் சொல்றவங்க ஆயிரம் பேரு வருவாங்க. கையிருப்பை யோசிக்கறவங்களைத்தான் அவங்க தேடறாங்க.

ஸ்ரீராம்புரத்துல இருந்து மெஜஸ்டிக் போறதுக்குள்ள ரெண்டு ஸ்டேஷன். அந்த நேரத்துல நாலு கணக்கு மனசுலயே போடலாம். நீ ரீல்ஸ்தான் பாப்பேன்னா பாரு, பைலட் யூனிஃபார்ம் போட்டவங்க ஆடற ரீல்ஸு அதுல நிறைய வருதாம்.

இனிமே விஷயத்துக்கு வர்றேன். இந்த ஆப்டிட்யூட் டெஸ்டு இருக்கே, அதுதான் நம்ம ஜனங்க நம்பாத பரீட்சை. இதுக்கு நோட்ஸ் கிடையாது, கைடு கிடையாது, முக்கியமான பத்துக் கேள்வின்னு ஒண்ணும் கிடையாது. முதல் உலகப் போர் காலத்துல குதிரை ஓட்டத் தெரியுமான்னு கேட்டு ஆள் எடுத்தாங்க. சுத்தற நாற்காலியில உக்கார வெச்சுச் சுத்திவிட்டு, தலை கிறுகிறுக்குதான்னு பாத்தாங்க. இப்போ கம்ப்யூட்டரு வந்துடுச்சு. திரையில ஒரு புள்ளி ஓடிக்கிட்டே இருக்கும். கையில குச்சி, காலுல பெடல். அந்தப் புள்ளியை நடுவட்டத்துலயே நிறுத்தணும். அது நிக்காது. நீ வலது பக்கம் இழுத்தா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிடும். அப்பவே காதுல நம்பர் சொல்லுவான், திரை ஓரத்துல ஒரு கணக்கு வரும், ஒரு விளக்கு மினுக்குனா பொத்தானை அமுக்கணும். அலறி அடிச்சுக் குச்சியை இழுத்தா புள்ளி அந்தப் பக்கம் பாஞ்சிடும். மெதுவா, கொஞ்சமா, விடாம கையை அசைச்சுட்டே இருக்கணும்.

நான் பின்னி மில்லுல வேலை பாத்தவன். ஒரே நேரத்துல பல தறியைப் பாத்துக்கணும். எங்க கண்ணு ஒரு தறியில இருக்கும், காது மிச்சத்துல இருக்கும். நூலு அறுந்தா சத்தம் மாறும், கால் தானா அந்தப் பக்கம் போகும். ஓடிப் போய்ப் பாக்கறவன் ரெண்டு தறியைக் கெடுப்பான். அதே சமாச்சாரம்தான் இது. உனக்கு எப்படின்னா, அடுப்புல பால் வெச்சுட்டு போன் பேசினா பாலு பொங்கி வழிஞ்சு ஹால் வரைக்கும் வருது. பழகணும்டி. டெஸ்டுக்கு முந்தின ராத்திரி பழக முடியாது. தூங்கிட்டுப் போ, அதுவே பாதி மார்க்கு.

கடிகாரம் மாதிரி இருக்கற கருவிகளைக் காட்டி, விமானம் எப்படி இருக்குன்னு கேப்பாங்க. ஒரு கருவியில மேல நீலம், கீழே பழுப்பு. அது வானமும் பூமியும். கோடு சாஞ்சிருந்தா நீ சாஞ்சிருக்கே. உசரம் காட்டற கருவியில சின்ன முள்ளு ஆயிரம், பெரிய முள்ளு நூறு. சின்னது மூணுக்கும் நாலுக்கும் நடுவுல, பெரியது அஞ்சுல நிக்குது. எவ்வளவு? 3,500 அடி. ஆஹா, எவ்வளவு உசரம்னு மிதப்புல இருந்துடாதே. அந்த முள்ளை நீ கடல் மட்டத்துல இருந்து எண்ணற மாதிரிதான் வெச்சிருப்பே. நம்ம பெங்களூரே கடல் மட்டத்துக்கு மேல சுமார் 3,000 அடி. அப்படின்னா நீ தரைக்கு மேல வெறும் ஐநூறு அடியிலதான் போயிட்டிருக்கே. திண்ணையில கால் நீட்டி உக்காந்திருக்கற நான் மெரினா கடற்கரையில இருக்கறவனை விட மூவாயிரம் அடி மேல இருக்கேன். எனக்கு யாராவது கேப்டன்னு கமெண்ட் போட்டாங்களா?

நேர்முகத்துல 'ஏன்மா பைலட் ஆகணும்'னு கேப்பாங்க. 'சின்ன வயசுல இருந்தே வானத்தைப் பாத்து'ன்னு ஆரம்பிச்சேன்னு வெச்சுக்கோ, எதிர்ல இருக்கறவரு கொட்டாவி விடுவாரு. அன்னைக்கு முப்பது பேரு அதே வானத்தைப் பாத்திருப்பாங்க. நம்ம ஊர்க் கதையைச் சொல்லு. ஹெப்பாள் தாண்டி ஜக்கூர்ல ஏரோட்ரோம் இருக்கே, சுதந்திரம் வந்த கையோட மைசூர் கவர்மெண்டு அங்க ஃபிளையிங் ஸ்கூல் திறந்துச்சு. தலைவரு கேப்டன் வி. சுந்தரம். மைசூர் மகாராஜாவோட விமானத்தை ஓட்டினவரு. அந்த ஸ்கூல்ல 1949ல பயிற்சி முடிச்சு வந்த பொம்பளை அவரு சம்சாரம் உஷா சுந்தரம். நேரு, பட்டேலு எல்லாம் இவங்க ஓட்டின விமானத்துல ஏறினவங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சென்னை கவர்மெண்டுக்காக வாங்கின டவ்ங்கற விமானத்தை லண்டன்ல இருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்துல ஓட்டிட்டு வந்துட்டாங்க. பின்னாடி சென்னையில புளூ கிராஸ் ஆரம்பிச்சதும் இந்தக் குடும்பம்தான், 1959ல. நீ வேளச்சேரி அத்தை வீட்டுக்குப் போனப்போ ஒரு நாய்க்குட்டியைக் கொண்டு போய் விட்டியே, அதே புளூ கிராஸுதான். இவ்வளவு பக்கத்துல இருந்த பொம்பளை பேரு உனக்குத் தெரியாது. ஹாலிவுட் படத்துல விமானம் ஓட்டினவன் பேரு தெரியும்.

தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. அதுக்கு மார்க்கு உண்டு. வானத்துல தெரிஞ்ச மாதிரி நடிச்சவங்க கதையை எல்லாம் விசாரணைக் கமிஷன்தான் எழுதியிருக்கு.

காசு இல்லாத வழியும் ஒண்ணு இருக்கு, அதை உங்கப்பனுக்கு யாரும் சொல்லல. கமிஷன் கிடைக்காதே! விமானப்படை. 2021ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னதுக்கப்புறம் என்டிஏங்கற ராணுவ அகாடமி பரீட்சையைப் பொண்ணுங்களும் எழுதறாங்க. டிகிரி முடிச்சா ஏஎஃப்கேட்னு விமானப்படைப் பரீட்சை இருக்கு. 2016ல போர் விமானத்துக்குன்னு முதல் முதலா எடுத்த மூணு பொண்ணுங்கள்ல பாவனா காந்த் நம்ம பசவனகுடி பிஎம்எஸ் காலேஜுல படிச்சவ. செலக்‌ஷன் போர்டு மைசூர்லயே இருக்கு, காலையில ரயில் ஏறினா மதியச் சாப்பாட்டுக்கு அங்க. ஆனா ஒரு விஷயம். அங்க வெக்கற கம்ப்யூட்டர் பைலட் டெஸ்டு ஆயுசுக்கு ஒரே ஒரு தடவைதான். தவறிட்டா விமானப்படையில பைலட் ஆகறது அத்தோட சரி. சும்மா போய் பாத்துட்டு வரலாம்னு அதுக்குப் போகாதே. கையும் காலும் பழகின அப்புறம் போ.

முகத்தைத் தூக்காதே. உன்னால முடியாதுன்னு நான் எங்கயாவது சொன்னேனா? வரிசையா செய்னு சொன்னேன். 2021 ஜனவரியில சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்து வட துருவத்து வழியா நம்ம தேவனஹள்ளிக்கு ஏர் இந்தியா விமானத்தை ஓட்டிக்கிட்டு வந்தவங்க நாலு பேரும் பொம்பளைங்க, கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில. அந்த நாலு பேரும் மெடிக்கல் எடுத்துத்தான் ஏறினாங்க, பச்சை சிவப்பு பாத்துத்தான் ஏறினாங்க.

நாளைக்குத் திங்கக்கிழமை. வெறும் வயித்துல ரத்தம் எடுப்பாங்க, அதனால காலையில காபி கேட்டு உங்கம்மாவைத் தொல்லை பண்ணாதே. முதல்ல கிளாஸ் டூ டாக்டருகிட்டப் போய்க் கண்ணையும் காதையும் காட்டிட்டு வா. ரிப்போர்ட்டு கைக்கு வர்ற வரைக்கும் உங்கப்பன் எந்தச் சென்டருக்கும் ஒரு ரூபா கட்டப் போறதில்ல. வீட்டுப் பத்திரம் என் டிரங்குப் பெட்டியில இருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு.