உறையாத ஒன்று

கனடாவும் அமெரிக்காவும் பங்குபோடும் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி 1959-இல் திறந்தது. ஆண்டு முடிவில் பனிக்காக மூடினால் மார்ச் இறுதி வாக்கில்தான் மறுபடி கதவு திறக்கும். ஊரறிந்த தேதிதான். ஆனாலும் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் 'எதிர்பாராத' குளிர்காலம். கடைசி வாரம் ஓடிவந்து, சுங்கப் படிவத்தில் ஓர் எண் தவறி, கப்பலைக் கோட்டைவிட்டு ரயிலுக்கும் லாரிக்கும் அலைவார்கள். ஆறு உறையும், மதகு உறையும், ஏஜெண்டின் போன்கூட உறையும். டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் மட்டும் எந்தக் குளிருக்கும் உறையாது. அதே ஆற்றங்கரையில் 1964 முதல் குளிரிலும் இயங்கும் மாண்ட்ரியல் துறைமுகம், ஆண்டின் முதல் கடல் கப்பலின் கேப்டனுக்குத் தங்கப் பிடி போட்ட கைத்தடி பரிசளிக்கிறது. நியாயமாகப் பார்த்தால், சுங்க அலுவலகப் படியேறி இறங்கும் குமாஸ்தாவுக்கல்லவா அது தேவை!